பார்சல் எங்கே இறங்குகிறது? வீட்டிலிருந்து விற்பவருக்கு மூன்று ஜிஎஸ்டி வழிகள்

வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் சேலை, பொடி, சோப்பு என்று விற்கத் தொடங்குகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒரே கேள்வியைத்தான்: "எத்தனை லட்சம் வரைக்கும் ஜிஎஸ்டி நம்பர் வேண்டாம்?" நாற்பது லட்சம் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். பதில் சரிதான். ஆனால் அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கூரியர் கவுன்டரில் போய் நிற்காதீர்கள். பொருள் விற்பவரிடம் சட்டம் முதலில் பார்ப்பது அந்தப் பார்சல் எந்த மாநிலத்தில் போய் இறங்குகிறது என்பதை. ஆண்டு விற்பனைக் கணக்கு அதற்கு அடுத்துத்தான் வருகிறது.

இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தெளிவாகிவிடும். பதிவே செய்யாமல் விற்பதா, விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தைக் கைக்காசில் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் சேர்வதா, வாடிக்கையாளரிடம் வரி வசூலித்துக் கட்டும் ரெகுலர் பதிவு எடுப்பதா என்பது பாதி தீர்ந்துவிடும். மீதிப் பாதியை உங்கள் சரக்கும் கூரியர் செலவும் முடிவு செய்யும். தமிழ்நாட்டில் இருந்து பொருள் விற்கும் சிறு வியாபாரியை மனதில் வைத்தே எழுதுகிறேன். வரி விகிதங்கள் 2025 செப்டம்பர் 22க்குப் பிறகு நடப்பில் உள்ளவை.

பதிவில்லாமல் விற்பது

பொருள் மட்டும் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் வரம்பு ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய். இதில் கவனிக்க வேண்டிய சொல் 'மட்டும்'. சேலையோடு சேர்த்து பிளவுஸ் தைத்துக் கொடுத்துக் கூலி வாங்கினால் அது சேவை. அப்போது வரம்பு 20 லட்சத்துக்கு இறங்கிவிடும். பக்கத்துப் புதுச்சேரியிலும் தெலங்கானாவிலும் பொருளுக்கே 20 லட்சம்தான்.

இந்த 40 லட்சத்தில் நீங்கள் வாடிக்கையாளரிடம் வாங்கும் கூரியர் கட்டணமும் அடங்கும். "அது கூரியர்காரனுக்குப் போகிற பணம், என் வருமானம் இல்லையே" என்று பலர் அதைத் தனியாக ஒதுக்கிவைத்துக் கணக்குப் பார்க்கிறார்கள். உங்கள் கணக்கில் வந்து, நீங்கள் ஏற்பாடு செய்த கூரியருக்குப் போகும் பணம் உங்கள் விற்பனை மதிப்பின் ஒரு பகுதிதான். 2025 ஜூலையில் கர்நாடக வணிக வரித்துறை யுபிஐ வரவுகளைப் பார்த்துச் சிறு கடைக்காரர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது நினைவிருக்கும். வரவில் எது பொருளின் விலை, எது அனுப்பும் செலவு என்று யுபிஐ பிரித்துக் காட்டாது.

இந்த வழியின் பெரிய கட்டுப்பாடு எல்லை. வரிக்குரிய பொருளை வேறு மாநிலத்துக்கு விற்றால், ஒரே ஒரு சேலையாக இருந்தாலும், பதிவு கட்டாயம். விற்பனை நாற்பதாயிரமா நாற்பது லட்சமா என்ற கேள்வியே அங்கே எழாது. ஓசூரில் இருந்து அத்திப்பள்ளிக்கு அனுப்புவது வெளிமாநில விற்பனை. விழுப்புரத்தில் இருந்து புதுச்சேரிக்கு அனுப்புவதும் அப்படியே. பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரம்தானே என்பது வரிச் சட்டத்துக்குக் கணக்கே இல்லை.

இன்னும் நுட்பமான ஒன்று உண்டு. கோவையில் இருக்கும் அக்கா பணம் கட்டி, பெங்களூரில் இருக்கும் தங்கை வீட்டுக்கு ஒரு சேலை அனுப்பச் சொல்கிறார். வாங்கியவர் கோவைக்காரர், பணமும் கோவையில் இருந்துதான் வந்தது. ஆனாலும் இது கர்நாடகத்துக்கான விற்பனை. பதிவு பெறாத வாடிக்கையாளருக்கு பில் முகவரியும் டெலிவரி முகவரியும் வேறாக இருந்தால் டெலிவரி முகவரியைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று மத்திய மறைமுக வரி வாரியம் 2024 ஜூன் 26 தேதியிட்ட சுற்றறிக்கையில் தெளிவாகச் சொல்லிவிட்டது. தீபாவளி நேரத்தில் பரிசு ஆர்டர்கள் குவியும்போது பதிவில்லாதவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

"கஸ்டமரே கூரியர் புக் பண்ணி எடுத்துக்கிட்டா?" என்று கேட்பார்கள். பொருளை நகர்த்துவது விற்பவரா, வாங்குபவரா, வேறு யாராவதா என்று சட்டம் பேதம் பார்ப்பதில்லை. பயணம் எங்கே முடிகிறது என்பதுதான் கேள்வி. ஆகவே அந்த வழியிலும் எல்லையைத் தாண்ட முடியாது.

விதிவிலக்குகள் இரண்டு, இரண்டுமே நல்லவை. முழுக்க வரிவிலக்குப் பொருள்களை மட்டும் விற்பவர் பதிவில்லாமலே எந்த மாநிலத்துக்கும் அனுப்பலாம். அச்சுப் புத்தகம், களிமண் சிலை, கண்ணாடி வளையல் விற்பவர்கள் இந்த வகை. அடுத்தது, அறிவிக்கப்பட்ட கைவினைப் பொருள்களைக் கையால் செய்து விற்கும் கைவினைஞர்கள். குறிப்பிட்ட வரம்பு வரை இவர்கள் பதிவில்லாமல் வெளிமாநிலத்துக்கு விற்கலாம். பான் எண் வேண்டும். பொருளின் மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் இ-வே பில் (சரக்கை அனுப்புவதற்கான மின்னணு ஆவணம்) போட வேண்டும். தங்கள் பொருள் அந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதே பல கைவினைஞர்களுக்குத் தெரியாது. ரெகுலர் பதிவு எடுக்கும் முன் பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.

ஆன்லைன் தளங்கள் வழியாக விற்பவர்களுக்கு 2023 அக்டோபர் 1 முதல் ஒரு தளர்வு கிடைத்திருக்கிறது. அதற்கு முன், தளத்தில் விற்றாலே பதிவு கட்டாயம். இப்போது வரம்புக்குள் இருந்து, ஒரே மாநிலத்துக்குள் விற்பவர், ஜிஎஸ்டி இணையதளத்தில் பான் கொடுத்து ஒரு சேர்க்கை எண் மட்டும் வாங்கிக்கொண்டால் போதும்.

காம்போசிஷன்: ஒரு சதவீதத்தின் மறுபக்கம்

ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடி வரை உள்ளவர்கள் இதில் சேரலாம். பொருள் விற்பவருக்கும் தயாரிப்பவருக்கும் மொத்தம் 1 சதவீதம்: மாநிலத்துக்கு அரை, மத்திய அரசுக்கு அரை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிஎம்பி-08 படிவம் போட்டுப் பணம் கட்டிவிட்டு, ஆண்டுக்கு ஒருமுறை ஜிஎஸ்டிஆர்-4 ரிட்டர்ன் போட வேண்டும். கேட்க இதமாகத்தான் இருக்கிறது.

மறுபக்கம்: வாடிக்கையாளரிடம் வரி என்று ஒரு ரூபாய் கூட வாங்கக் கூடாது. அந்த 1 சதவீதம் உங்கள் கையிலிருந்து போகிறது. வாங்கிய சரக்குக்கும் கூரியருக்கும் கட்டிய வரியை இன்புட்டாக எடுக்க, அதாவது நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள, முடியாது. வெளிமாநிலத்துக்கு விற்கவே முடியாது. அதாவது பதிவில்லாதவருக்கு இருக்கும் அதே எல்லைக் கட்டுப்பாடு இவருக்கும் அப்படியே இருக்கிறது. ஜிஎஸ்டி நம்பர் வாங்கிவிட்டோம், இனி பெங்களூருக்கு அனுப்பலாம் என்று நினைத்துக் காம்போசிஷன் எடுப்பவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கும். அவர்கள் எதற்காகப் பதிவு எடுத்தார்களோ அதையே இந்தத் திட்டம் தடுக்கிறது.

லாரி பார்சலில் சரக்கு எடுப்பவருக்கு இன்னொரு செலவும் உண்டு. சூரத்தில் இருந்து 'டு-பே' பார்சலில் சரக்கு வருகிறது, வாடகையை நீங்கள் கட்டுகிறீர்கள். லாரி நிறுவனம் தானே வரி போடாவிட்டால், அந்த வாடகைக்கு 5 சதவீதத்தை ரிவர்ஸ் சார்ஜாக, அதாவது சேவை வாங்குபவரே அரசுக்குச் செலுத்தும் முறையில், நீங்கள் கட்ட வேண்டும். ரெகுலர்காரர் அதைக் கட்டி அப்படியே இன்புட்டாக எடுத்துக்கொள்வார். காம்போசிஷன்காரருக்கு அது முழுச் செலவு. சின்னச் சின்ன வாடகைகளுக்கு முன்பு இருந்த விலக்கும் 2022 ஜூலை 18 முதல் இல்லை. இது சரக்கு ரசீது கொடுக்கும் லாரிப் போக்குவரத்துக்கு மட்டும். கூரியர் நிறுவனம் தன் பில்லிலேயே 18 சதவீதம் போட்டுவிடும்.

ரெகுலர்

எல்லை தாண்டி விற்க வேண்டுமென்றால் இதுதான் வழி. தமிழ்நாட்டுக்குள் விற்றால் வரி பாதி மாநிலத்துக்கு, பாதி மத்திய அரசுக்கு. வெளிமாநிலம் என்றால் ஐஜிஎஸ்டி, அதாவது மாநிலங்களுக்கிடையே நடக்கும் விற்பனைக்கான ஒரே வரி. சிங்கப்பூரில் இருக்கும் வாடிக்கையாளருக்கு அனுப்புவதும் வெளிமாநில விற்பனைக் கணக்கில்தான் வரும். அதற்கு எல்யுடி (உறுதிமொழிக் கடிதம்) போட்டுவிட்டு வரி இல்லாமல் ஏற்றுமதி செய்யலாம்.

வேலை கூடும், அதை மறைக்க வேண்டியதில்லை. விற்பனை விவரத்துக்கு ஜிஎஸ்டிஆர்-1, வரி கட்டுவதற்கு ஜிஎஸ்டிஆர்-3பி என்று இரண்டு ரிட்டர்ன்கள் போட வேண்டும். ஐந்து கோடி வரை விற்பவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடும் வசதியை எடுக்கலாம். விற்பனையே இல்லாத காலத்திலும் ரிட்டர்ன் போட்டாக வேண்டும். மறந்தால் வரி எதுவும் இல்லாத ரிட்டர்னுக்கே நாளுக்கு 20 ரூபாய், மற்றதற்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். ஆடிட்டர் செலவு தனி. மாதம் நாலு பார்சல் அனுப்புகிறவருக்கு இது பாரம்தான்.

ஆனால் பணக் கணக்கு பலர் நினைப்பதற்கு நேர்மாறாக இருக்கிறது.

ஒரு சேலை, ஒரு பாக்கெட் பொடி

ஒரு சேலையை 1,000 ரூபாய்க்கு வாங்குகிறீர்கள். 5 சதவீத வரியோடு 1,050. வாடிக்கையாளரிடம் சேலைக்கு 1,400, கூரியருக்கு 100, மொத்தம் 1,500 வாங்குகிறீர்கள். கூரியர் நிறுவனத்துக்கு நீங்கள் கொடுப்பது 80, அதன் மேல் 18 சதவீத வரி 14.40. வாடிக்கையாளர் தரும் 1,500 மூன்று வழியிலும் மாறாது என்று வைத்துக்கொள்வோம்.

பதிவில்லாதவர் கையில் நிற்பது 355.60. காம்போசிஷன்காரர் 1,500க்கு 1 சதவீதமாக 15 ரூபாய் கட்டிய பின் அவருக்கு 340.60. ரெகுலர்காரருக்கு அந்த 1,500க்குள் 71.43 ரூபாய் வரி அடங்கியிருக்கிறது. சேலைக்குக் கட்டிய 50, கூரியருக்குக் கட்டிய 14.40 இரண்டையும் கழித்தால் அரசுக்கு அவர் பணமாகக் கட்டுவது 7.03 ரூபாய். கையில் நிற்பது 348.57.

1 சதவீதம் கட்டுகிறவரைவிட 5 சதவீதம் கட்டுகிறவருக்கு ஒரு சேலைக்கு எட்டு ரூபாய் அதிகம் நிற்கிறது. வரி கட்டி வாங்கிய சரக்கை, வரி கட்டிய கூரியரில் அனுப்பினால் இப்படித்தான் ஆகும். கூரியரின் 18 சதவீதத்தைத் திரும்ப எடுக்க முடிவது சிறு லாபத்தில் ஓடும் வியாபாரத்துக்குப் பெரிய விஷயம். அதனால், வாங்கி விற்பவர் காம்போசிஷனைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இப்போது பொடி. மிளகாயும் மல்லியும் விவசாயியிடம் நேரடியாக, வரி இல்லாமல் வாங்குகிறீர்கள். பொடி 400, அனுப்ப 60, மொத்தம் 460. கூரியருக்கு நீங்கள் தருவது 50, வரி 9. காம்போசிஷனில் உங்களுக்கு வரிச்செலவு 4.60, திரும்ப எடுக்க முடியாத கூரியர் வரி 9, ஆக 13.60. ரெகுலரில் 460க்குள் இருக்கும் வரி 21.90. அதில் 9 ரூபாயை இன்புட்டில் கழித்து மீதியைப் பணமாகக் கட்டினாலும், மொத்தத்தில் உங்களை விட்டுப் போவது 21.90தான். இங்கே காம்போசிஷன் எட்டு ரூபாய் மிச்சம். சொந்த உழைப்பும் வரியில்லாத மூலப்பொருளும் விலையில் பெரும்பங்காக இருக்கிற தொழிலுக்கு, தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்கும் வரை, காம்போசிஷன் நியாயமான தேர்வு.

உங்கள் சொந்த எண்களை இந்த இடங்களில் போட்டுப் பாருங்கள். ஒரு பாக்கெட்டுக்கு எட்டு ரூபாய் என்பது மாதம் முந்நூறு பாக்கெட் விற்பவருக்கு 2,400.

கூரியர் கட்டணத்துக்கு எவ்வளவு வரி?

கூரியர்காரர் 18 சதவீதம் போடுகிறார், அதனால் நாமும் வாடிக்கையாளரிடம் கூரியருக்கு 18 சதவீதம் போட வேண்டும் என்று நினைத்து பில் போடும் ரெகுலர்காரர்கள் நிறைய. தேவையில்லை. பொருளும் பேக்கிங்கும் போக்குவரத்தும் சேர்ந்து வந்தால், பொருள்தான் முதன்மை, மற்றவை அதைச் சேர்ந்தவை என்று சட்டமே உதாரணம் காட்டிச் சொல்கிறது. பொருளுக்கு என்ன வரியோ அதே வரி கூரியருக்கும். பொடி 5 என்றால் கூரியரும் 5. புத்தகத்துக்கு வரி இல்லை என்றால் அதை அனுப்பும் கட்டணத்துக்கும் இல்லை. கூரியருக்கென்று தனி பில் போட்டாலும் இது மாறாது, ஏற்பாடு செய்வது நீங்களாக இருக்கும் வரை. ஒரே பார்சலில் 5 சதவீதப் பொருளும் 18 சதவீதப் பொருளும் தனித்தனி விலையில் போனால், கூரியரை விலை விகிதத்தில் பிரித்துப் போடுவதே முறையாக இருக்கும். இரண்டையும் ஒரே விலையில் பரிசுப் பெட்டியாக விற்றீர்களென்றால் பெட்டி முழுவதற்கும் உயர்ந்த விகிதம் வந்துவிடும்.

'ஃப்ரீ ஷிப்பிங்' போடுவதா, தனியாக வாங்குவதா என்பதில் வரிக்கு வித்தியாசம் அநேகமாக இல்லை. 1,500ஐ ஒரே விலையாக எழுதினாலும் 1,400 + 100 என்று எழுதினாலும் வரி விழுவது 1,500 மேல்தான். இது முழுக்க வியாபார முடிவு, வாடிக்கையாளர் எதை விரும்புகிறாரோ அதைச் செய்யுங்கள்.

ஓர் இடத்தில் மட்டும் கவனம் வேண்டும்: தைத்த ஆடை. ஓர் உருப்படி 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18. 2,450 ரூபாய் சுடிதாரில் கூரியர் நூறையும் விலையிலேயே சேர்த்து 2,550 என்று போட்டு 'ஃப்ரீ' என்றால் வரி 13 சதவீதப் புள்ளி எகிறும். தனியாகக் காட்டினாலும், அனுப்பும் செலவும் மதிப்பில் சேரும் என்ற விதி இருப்பதால் அதிகாரி கேள்வி கேட்க இடமிருக்கிறது. எல்லையோரம் விலை வைக்காமல் கொஞ்சம் கீழே வைப்பது நிம்மதி. சேலை விற்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை. நெய்த சேலை துணி வகையில் வருவதால் இருபதாயிரம் ரூபாய்ப் பட்டுக்கும் 5 சதவீதம்தான்.

வாடிக்கையாளர் கூரியர் நிறுவனத்துக்கு நேரடியாகப் பணம் கட்டி, அவரே ஏற்பாடு செய்து எடுத்துக்கொண்டால் அந்தத் தொகை உங்கள் விற்பனையில் சேராது. மொத்தமாக வாங்கும் பூட்டிக் கடைக்காரர்களிடம் இது நன்றாக நடக்கும். வீட்டு வாடிக்கையாளரிடம் கேட்டால் ஆர்டரே போய்விடும்.

விலை குறைந்து எடை கூடிய பொருள் விற்பவர்களுக்கு ரெகுலரிலும் ஒரு சிக்கல். 5 சதவீத வரியுள்ள 200 ரூபாய்ப் பொருளுக்கு 100 ரூபாய் கூரியர் வாங்குகிறீர்கள், நீங்கள் கூரியருக்குத் தருவது 90, அதற்கு வரி 16.20. மொத்தம் 300க்குள் நீங்கள் கட்ட வேண்டிய வரி 14.29தான். இன்புட் மிஞ்சிக்கொண்டே போகும். ரீஃபண்ட் கேட்கலாம் என்றால், விகித வேறுபாட்டால் தேங்கும் இன்புட்டைத் திருப்பித் தரும் கணக்கில் பொருள்களுக்குக் கட்டிய வரி மட்டுமே வரும், கூரியர் போன்ற சேவைகளுக்குக் கட்டியது வராது. விகேசி ஃபுட்ஸ்டெப்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021இல் இதை உறுதி செய்தது. இப்படிப்பட்ட பொருளை இரண்டு மூன்றாகச் சேர்த்து விற்க முடிந்தால்தான் கணக்கு நேராகும்.

எனக்குத் தோன்றுவது

வாங்கி விற்பவர், வெளிமாநில வாடிக்கையாளர் ஒருவர் கேட்டாலும் 'இல்லை' என்று சொல்ல மனமில்லாதவர் என்றால், விற்பனை ஐந்து லட்சமாக இருந்தாலும் ரெகுலர் எடுங்கள். கையால் செய்து உள்ளூரிலும் தமிழ்நாட்டிலும் மட்டும் விற்பவர், 40 லட்சத்துக்குள் இருக்கும் வரை பதிவில்லாமலே இருக்கலாம். அதைத் தாண்டும்போது காம்போசிஷனைக் கணக்குப் பார்க்கலாம். இன்ஸ்டாகிராமில் கடை வைத்தவரிடம் ஆர்டர் கேட்பவர் எந்த ஊரில் இருந்து கேட்பார் என்று கட்டுப்படுத்தவே முடியாது. அதனால்தான், முழுக்க ஆன்லைனில் இருப்பவருக்குக் காம்போசிஷனை நான் பரிந்துரைப்பதில்லை.

மாற நினைப்பவர்கள் நேரம் பார்க்க வேண்டும். ஏற்கெனவே ரெகுலரில் இருப்பவர் காம்போசிஷனுக்குப் போக, நிதியாண்டு தொடங்கும் முன், அதாவது மார்ச் 31க்குள், சிஎம்பி-02 படிவம் போட வேண்டும். காம்போசிஷனில் இருந்து வெளியே வருவதை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். அப்படி வரும்போது, முந்தைய நாள் கையிருப்பில் இருந்த சரக்குக்குக் கட்டிய வரியை, பில் ஓராண்டுக்கு உட்பட்டதாக இருந்தால், ஐடிசி-01 படிவத்தில் கேட்டு வாங்கலாம். முப்பது நாளுக்குள் போட வேண்டும். முதல்முறை ரெகுலர் பதிவு எடுப்பவருக்கும் இந்த வசதி உண்டு, அதனால் சரக்கு வாங்கிய பில்களை இன்றே ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். அதுவரை அனுப்பிய பார்சல்களுக்குக் கட்டிய கூரியர் வரி மட்டும் இந்தப் படிவத்தில் வராது, அது போனது போனதுதான்.